டம்ளர் கவிழ்ந்த பிறகு

டங்கென்று டம்ளர் கவிழ்ந்து மெழுகுதிரி அணைந்தாயிற்று. ஜெபமாலை முடிந்து, கஸ்பார் வழக்கம்போலக் கட்டைவிரலால் தெக்லாவின் நெற்றியில் சிலுவை வரைந்தாயிற்று. பிள்ளைகளுக்குப் போட்டுப் பழகிய கை, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர் போன பிறகு சும்மா இருக்கமாட்டாமல் பெண்டாட்டிக்குப் போட ஆரம்பித்து வருஷக்கணக்காகிறது. அவளும் சின்னப்பிள்ளை மாதிரிக் கைகூப்பி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, காலை நீட்டி, மரத்துப்போன முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார், வாசல்வரை நடந்து தெருவை எட்டிப் பார்த்தார், திரும்பி வந்தார். வந்தவர் பீடத்தின் முன்னால் நின்று டம்ளரை நிமிர்த்தினார், டைமரைத் திருகினார், தீக்குச்சியைக் கிழித்துத் திரியை ஏற்றினார், பாயில் முழங்காலிட்டார். “வா தெக்லா, ஜெசி வாரதுக்குள்ள ஜெபமாலையச் சொல்லி முடிச்சிருவோம். பெறவு பிள்ள அழுதா ஒண்ணும் நடக்காது” என்றார். தெக்லா சிரித்துவிட்டாள். மனுஷனுக்குக் குசும்பு கூடிப்போச்சு என்றுதான் நினைத்தாள். கலியாணமான புதிதில் ஞாயிறு பூசைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவளுடைய ஒற்றைச் செருப்பை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த ஆள்தானே. மாமியார் அரிசி அளக்கப் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. “ஒரு ஜெபமாலைக்கே முட்டி கழண்டுபோச்சு, இதுல இன்னொண்ணா” என்று கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் குசும்பு இல்லை. வாய்க்கோடியில் அடக்கிவைத்த சிரிப்பு இல்லை. அது காத்திருக்கிற முகம். எப்போதும் தாமதமாகவே வருகிற பெண்டாட்டியைப் பொறுத்துக்கொண்டு பழகின முகம். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் பாயில் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் மறுபடியும் முழங்காலிட்டாள்.

வெள்ளிக்கிழமை, துக்க தேவ ரகசியம் என்றார் அவர். வெள்ளிக்கிழமை என்பது தெரிகிறது. அது மறக்கவில்லை. பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்தமாய் வியர்த்ததைத் தியானிப்போம் என்றார். மாலையின் இந்தப் பத்துமணியை மகள் ஜெசிந்தா நல்ல முடிவு எடுக்கவும் அவள் பிள்ளை குட்டி ஏவா நம்ம வீட்டிலேயே வளரவும் ஒப்புக்கொடுப்போம் என்றார். அதே வார்த்தை. சற்று முன்னால் சொன்ன அதே வார்த்தை, ‘குட்டி’யைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னதுகூட அதே மாதிரி. ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முன்பாதியை அவர் சொன்னார், பின்பாதியை அவள் சொன்னாள். நாற்பது வருஷமாகச் சொல்கிற நாக்கு, அதற்குத் தெக்லாவின் உத்தரவு தேவையில்லை. அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, தெக்லாவின் மனசு தனியாக நின்றது. ஒருவேளை நான்தான் தப்பாக நினைக்கிறேனோ? ஜெபம் இன்னும் சொல்லவில்லையோ? மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தேனே, அதில் கனவு கண்டு எழுந்தேனோ? முழங்கால் வலிக்கிறதே. கனவில் ஜெபம் சொன்னால் முழங்கால் வலிக்குமா? திரியைப் பார்த்தாள். அதன் தலையில் குழி விழுந்து உருகிய மெழுகு குளம்போல் நின்றது; ஏற்றிய நிமிஷத்திலேயே அப்படி உருகாது. பின்னே அணைந்த திரியின் அந்த வாடை, கருகலும் கொழுப்பும் கலந்த வாடை, அறையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மூக்கு பொய் சொல்லாது. டைமர் டிக் டிக்கென்று ஓடியது. அடுத்த வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பக்தியாக, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டு போனார். நெற்றியில் அவர் போட்ட சிலுவை இன்னும் அங்கேயே இருக்கிற மாதிரி அவளுக்குக் குறுகுறுத்தது. தொட்டுப் பார்க்கப் பயந்தாள்.

இந்தச் சனியன் பிடித்த சாமான் வீட்டுக்குள் வந்ததே அவளால்தான். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். பழைய டேபிள் ஃபேனிலிருந்து கழற்றிய டைமர், ஒரு பலகைத் துண்டு, நடுவில் மெழுகுதிரி குத்தி நிறுத்த ஒரு ஆணி, பக்கத்தில் ஒரு கம்பிக் கை, அந்தக் கையின் முனையில் தலைகீழாக ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். டைமரைத் திருகிவிட்டால் அது ஓடி ஓடி முடிகிற நேரத்தில் கொக்கி விடுபட்டு, கை சாய்ந்து, டம்ளர் திரியின் தலையில் தொப்பி போட்ட மாதிரி உட்கார்ந்துவிடும். காற்றில்லாமல் சுடர் செத்துப்போகும். துறைமுகத்தில் கிரேன்களுக்கு வைத்தியம் பார்த்த கை, ஒரு மெழுகுதிரிக்கு வைத்தியம் பார்க்காதா? பின்கட்டில் முருங்கை நிழலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ரெண்டு விரலைக் கிழித்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டாலும் வராமல் செய்தார். முதல் டம்ளர் கனம் போதாமல் பாதியில் நின்றது. அடுத்தது மெழுகோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது டங்கென்று விழுந்ததும் தெருவில் போன மீன்காரியைக்கூடக் கூப்பிட்டுக் காட்டினார். “இனி நீ மறந்தாலும் இது மறக்காதுட்டி” என்றார் தெக்லாவிடம். பெருமையாகச் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். அவளுக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் என்ன சொல்ல முடியும்? அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் வாய்க்கு அந்த வீட்டில் மதிப்பில்லாமல் போயிருந்தது. இரண்டாவது தேவ ரகசியம் என்றார் கஸ்பார், கற்றூணில் கட்டி அடித்ததை. இந்தப் பத்துமணி கப்பலில் இருக்கிற மாப்பிள்ளைக்காக. அதுவும் அப்படியே.

அந்தச் சாயங்காலம் ஜெபம் முடிந்ததும் தெக்லா எப்போதும் செய்வதைத்தான் செய்தாள். மந்திரித்த திரியை வாயால் ஊதக் கூடாது, அது இந்த வீட்டுச் சட்டம். தீர்த்தக் கிண்ணத்தில் ரெண்டு விரலை நனைத்து, திரியின் தலையைக் கிள்ளி அணைக்க வேண்டும். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அது அவள் வேலை, ஏற்றுவது ஆம்பிளை வேலை, அணைப்பது பொம்பிளை வேலை. கிள்ளினாள். சுஸ்ஸென்றது. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மொட்டைமாடியில் காய்கிற துணியை எடுக்கப் போனாள். ஜெசி குளித்துக்கொண்டிருந்தாள். பீடத்துக்குப் பக்கத்தில் சேலைத்தொட்டிலில் ஏவா தூங்கியது. துணிகளை ஒவ்வொன்றாக உருவி, தோளில் போட்டு, உப்புக் காற்றில் விறைத்துப்போன துண்டை உதறி, மேற்கே சிவந்திருந்த வானத்தை வெகு நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றபோது கீழேயிருந்து ஜெசி கத்தின கத்தல்! இறங்கி ஓடி வந்தால் பீடத்தில் தொங்கின லேஸ் துணி எரிகிறது, திருஇருதயப் படத்துக்குப் போட்ட காகிதப்பூ மாலை எரிந்து எரிந்து துண்டு துண்டாக விழுகிறது, விழுந்த ஒரு துண்டு தொட்டில் சேலையின் ஓரத்தில் கருப்பாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. பிள்ளையை வாரி எடுத்த ஜெசி ஈரத்தலையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். கடைக்குப் போயிருந்த கஸ்பார் எங்கிருந்தோ ஓடிவந்து ஈரச்சாக்கால் அடித்து அடித்து அணைத்தார். பிள்ளைக்கு ஒரு மயிரிழை பொசுங்கவில்லை, மாதா காத்தாள். “யம்மா, திரிய அணைக்காம எங்க போன?” என்றாள் ஜெசி. “அணைச்சேனே” என்றாள் தெக்லா. “அணைச்ச திரி எப்பிடி எரியும்?” ராத்திரி மறுபடி கேட்டபோது “அணைச்சேன்னுதான் நெனைக்கேன்” என்றாள். மறுநாள் காலையில் ஷார்ஜாவிலிருந்து மகன் போனில் கேட்டபோது “அணைக்கலையோ என்னமோ” என்றாள். மூன்று தடவை கேட்பதற்குள் தன் கண்ணால் பார்த்தது, தன் விரலால் கிள்ளி அணைத்தது அவளிடமிருந்து நழுவிப் போய்விட்டது. மனசு என்ன லேசுப்பட்டதா? ஊர் சொன்னால் அதுவும் கட்சி மாறிவிடுகிறது.

ஆனால் அந்த முணுமுணுப்பு. மொட்டைமாடியில் நின்றபோது கீழே ஒரு முணுமுணுப்பு கேட்டதே. இப்போதுதான் ஞாபகம் வருகிறதா, இல்லை, எப்போதும் ஞாபகத்தில் இருந்தது, அவள் அதை வேறொரு மூலையில் போட்டுவைத்திருந்தாள். தாத்தா பேத்தியோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாள், நினைத்துச் சிரித்துக்கொண்டாள், பேத்திக்கு என்ன புரியும் என்று. பேச்சு அப்படியா இருக்கும்? பேச்சு ஏறி இறங்கும், கொஞ்சும், நிற்கும். இது ஏறாமல் இறங்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஓடியது. நின்ற இடம் அவள் பின்பாதி சொல்ல வேண்டிய இடம். ஐயோ ஆண்டவரே. இதோ பக்கத்தில் ஓடுகிறதே இதே ஓட்டம்தான், இதே குரல்தான், இதே இடத்தில்தான் நிற்கிறது. அவள் அணைத்த திரியை அவர் ஏற்றியிருக்கிறார். துணையில்லாமல் தனியாக முழங்காலிட்டு, இல்லாத தெக்லாவுக்காக நின்று நின்று, ஜெபம் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு எழுந்து கடைக்குப் போயிருக்கிறார், அணைப்பது பொம்பிளை வேலையாயிற்றே. அன்றைக்குத் திரியின் மேல் கவிழ டம்ளர் இல்லை. தெக்லாவின் உதடு பின்பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தது; கை, மணியை உருட்ட மறந்து ஒரே மணியைப் பிடித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு குரல் சத்தமாகச் சொன்னது: நான் இல்லை. நான் அணைத்தேன். நான் இல்லவே இல்லை! அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம், எழுந்து தெருவில் ஓடிப்போய் மீன்காரியிடம், அடுத்த வீட்டுக்காரியிடம், கோயில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் சொல்ல வேண்டும்போல ஒரு சந்தோஷம். என்ன பாடு பட்டேன்! குளிக்கும்போது அப்போஸ்தலர் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, ததேயு வராமல், தலையில் சோப்போடு நின்று அழுதேனே. ததேயு யாருக்குத்தான் சட்டென்று வருவார்? கேஸ் அடுப்பை மூடினேனா என்று படுக்கையிலிருந்து எழுந்து எழுந்து போய்த் திருகைத் தடவிப் பார்த்தேனே. ‘அம்மாவ ஒரு டாக்டர்ட்ட காட்டணும்’ என்று ஜெசி போனில் கிசுகிசுத்ததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்து வெங்காயம் உரித்தேனே. நான் இல்லை. அப்படியானால் யார் என்கிற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது, வந்து அந்தச் சந்தோஷத்தின் வாயை அப்படியே பொத்திவிட்டது. தெக்லா தன்னையே அருவருப்பாகப் பார்த்தாள். இவர் இப்படி ஆகிவிட்டார் என்று தெரிந்த நிமிஷத்தில் சந்தோஷப்பட்டேனே, நான் என்ன ஜென்மம்?

முள்முடி சூட்டினதை என்றார் கஸ்பார். மூன்றாவது. இந்தப் பத்துமணி யாருக்கு என்று சொல்லுமுன் நிறுத்தினார், நெற்றியைச் சுருக்கினார், தேடினார். சற்று முன் இது அவருடைய கூட்டாளி ரொசாரியோவின் ஆத்துமாவுக்காக என்று சொல்லியிருந்தார். “ரொசாரியோ அண்ணனுக்கு” என்றாள் தெக்லா மெதுவாக. “ஆமா, ரொசாரியோவுக்குச் சொகமில்லைல்லா, அவனுக்காக” என்றார். ரொசாரியோவைப் புதைத்து ரெண்டு கல்லறைத் திருநாள் போய்விட்டது. இவரே மண் தள்ளினார். இது எத்தனை நாளாக? எங்கே ஆரம்பித்தது? பேக்கரிக்குப் போய் மக்ரூன் வாங்கி வந்து, சாயங்காலம் மறுபடி போய் அதே மக்ரூனை வாங்கி வந்தபோது, பிள்ளை வந்திருக்கிற சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று சிரித்தாள். ஜெசியை ‘ஸ்டெல்லா’ என்று தன் தங்கை பேரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, ஜாடை அப்படி என்றாள். வேட்டியை உள்வெளியாகக் கட்டிக்கொண்டு பூசைக்குக் கிளம்பினபோது கேலி செய்து விரட்டினாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு சிரிப்பு தயாராக இருந்திருக்கிறது. பாவி மனுஷா, நாற்பது வருஷமா என்னைச் சிரிக்கவைத்துப் பழக்கினாயே, அதனால்தானே எனக்குத் தெரியாமல் போயிற்று. கோபம் வந்தது. அவளை ஒன்றும் சொல்லாதே ஜெசி, வயசானா மறதி வரத்தான் செய்யும் என்று என் தலையில் கைவைத்துப் பரிந்து பேசினாரே, அப்போது தன் கையில் தீக்குச்சி வாடை அவருக்குத் தெரியவில்லையா? தெரியாது. தெரிந்து செய்தால் அது துரோகம், திட்டலாம், ரெண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இதை என்ன செய்வது? அவருக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை. தன் மறதிக்குத் தானே ராப்பகலாக உட்கார்ந்து மருந்து செய்துவிட்டு, அதை என் தலையில் கட்டிவிட்டு, நிம்மதியாக முழங்காலிட்டிருக்கிறார். ஓரக்கண்ணால் அவரை ஒரு தடவை பார்த்தாள். நரைத்த புருவம், தாடையில் சவரம் செய்யாமல் விட்ட ஒரு திட்டு, உருட்டுகிற மணியின் மேல் வடுவான விரல். நல்ல முகம். எவ்வளவு நல்ல முகம். சிலுவை சுமந்ததைத் தியானிப்போம் என்றது அந்த முகம்.

ஜெசி வந்துவிடுவாள். பிள்ளைக்கு ஊசி போடப் போயிருக்கிறாள், க்ளினிக்கில் கூட்டம் இல்லாவிட்டால் இந்நேரம் ஆட்டோ ஏறியிருப்பாள். போகும்போது வாசலில் நின்று “வந்து சொல்லுதேம்மா” என்றாள். என்ன சொல்வாள் என்பது தெக்லாவுக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாதா? லீவு முடிகிறது, பெங்களூரில் ஆபீஸில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள், மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்க மாசக்கணக்காகும். முன்னே பின்னே தெரியாதவர்கள் நடத்துகிற பிள்ளைக் காப்பகத்தில் விடுவதா, அம்மா வீட்டில் விடுவதா? தீப்பிடித்த மறுநாள் பையைக் கட்டியவள்தான் ஜெசி. தெக்லா கெஞ்சினாள், மானம் பார்க்காமல் கெஞ்சினாள். பிறகு இந்தச் சாமான் வந்தது. மூன்று சாயங்காலமாக ஜெசி கதவில் சாய்ந்து நின்று டம்ளர் விழுவதைப் பார்த்தாள், நேற்று “பரவால்லப்பா, சூப்பரா வேல செய்யி” என்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே பதில் இருந்தது. ஏவா இங்கே இருக்கும். காலையில் மார்பின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு எச்சிலால் ஜாக்கெட்டை நனைக்கும். அதன் உச்சந்தலை வாடை, பால் பொங்கி அடங்கின வாடை, அது இந்த வீட்டில் இருக்கும். இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறது, இங்கேயே நிற்கும், இங்கேயே நடக்கும். வேறு என்ன கேட்டேன் மாதாவே, வேறு ஒன்றும் கேட்கவில்லையே. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன? நான் பார்த்துக்கொள்கிறேன். தீப்பெட்டியை ஒளித்துவைத்தால் போதும். மெழுகுதிரிக்குப் பதில் சின்ன பல்பு மாட்டிவிட்டால் போதும். இவரையும் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளையையும் பார்த்துக்கொள்கிறேன், எத்தனை பேர் செய்யவில்லை? இப்போதுகூட டைமரைத் திருகிவிட்டுத்தானே ஏற்றினார், கை மறக்கவில்லையே. ஆனால் மனசு அத்தோடு நிற்கவில்லை, நிற்க மாட்டேன் என்றது. ஒருநாள் அந்தக் கையும் மறக்கும். அதைவிட, ஒரு சாயங்காலம் அவள் மீன் அலசிக்கொண்டிருக்கிறாள், அவர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் போகிறார், பெஞ்சில் பிள்ளையை உட்காரவைத்துவிட்டுப் பையை வாங்குகிறார், பையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். “பிள்ள எங்க?” என்கிறாள் இவள். “எந்தப் பிள்ள?” என்கிறார். இதே முகத்தோடு, இதே நல்ல முகத்தோடு கேட்கிறார். தெக்லாவுக்குப் பின்பாதி வரவில்லை. கஸ்பார் கண்ணைத் திறந்து பார்த்தார். “என்னட்டி, தூங்கிட்டியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினாள். விட்ட இடத்திலிருந்து சொன்னாள்.

சொல்லிவிடலாமா? ஜெசி, அன்றைக்கு அப்பாதான் என்று. சொன்னால் அவள் இவர் முகத்துக்கு நேரே திரும்பிக் கேட்பாள், அவள் சுபாவம் அப்படி. அப்பா, சத்தியமா நீங்களா? இவர் இல்லை என்பார். இல்லை என்று நம்பித்தான் சொல்வார். பிறகு என்ன, சாட்சி சொல்ல வேண்டும், மக்ரூன் கதையை, வேட்டிக் கதையை, ரொசாரியோ கதையை இவருக்கு முன்னால் ஒவ்வொன்றாக அடுக்கி, மனுஷனைக் குற்றவாளிக்கூண்டில் நிறுத்தி, நீங்கள் இப்படி ஆகிவிட்டீர்கள் என்று அவர் பெற்ற மகள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். இன்னொன்று, ஜெசி வேலையை விட்டுவிட்டு இங்கேயே உட்கார்ந்துவிடுவாள், அப்பா என்றால் உயிர் அவளுக்கு. டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். காட்டுவேன். நாளைக்கு, அடுத்த வாரம், நானே பக்குவமாகச் சொல்லி, எனக்குக் காட்டுகிற மாதிரி இவரைக் கூட்டிக்கொண்டு போவேன். இன்றைக்கு வேண்டாம். இந்தப் பாயில், இந்த முழங்காலோடு இவருக்கு அது தெரிய வேண்டாம். ஐந்தாவது, சிலுவையில் அறையுண்டதை. இந்தப் பத்துமணி தெக்லாவுக்காக என்றார் கஸ்பார், தெக்லாவுக்கு ஞாபகசக்தியைத் தரும்படியாக. முதல் தடவையும் அதைத்தான் சொன்னார். முதல் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு ஆமென் சொல்லியிருந்தாள், உண்மையாகவே மன்றாடியிருந்தாள். இப்போது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, பின்பாதியை அதற்குள்ளேயே சொன்னாள். டைமர் ஓடி முடிந்தது. டம்ளர் விழுந்தது. மெல்லிய புகை டம்ளருக்கு அடியிலிருந்து கசிந்து மேலே போனது. கஸ்பார் திரும்பி, கட்டைவிரலை நீட்டி, அவள் நெற்றியில் சிலுவை போட்டார். “ஸ்தோத்திரம்” என்றாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. ஜெசி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, செருப்பைக் காலாலேயே உதறிவிட்டு உள்ளே வந்தாள். ஊசி போட்ட பிள்ளை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. “இன்னுமா ஜெபம் நடக்கு? நான் போம்போதே பாய விரிச்சீயளே” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியில் உட்கார்ந்தாள், தாயைப் பார்த்துச் சிரித்தாள். “யம்மா, முடிவு பண்ணிட்டேன். ஏவா இங்கயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம நான் மட்டும் கெளம்புதேன்.” கஸ்பார் கையைத் தட்டினார். “நான் சொன்னேம்லா! நான் சொன்னேம்லா!” என்று எழுந்து பேத்தியின் காலைப் பிடித்து ஆட்டினார். தெக்லா கையை நீட்டிப் பிள்ளையை வாங்கினாள். அது உடனே அவள் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது, ஒரு விக்கல் விக்கியது. உச்சந்தலையை முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

“வேண்டாம் ஜெசி” என்றாள்.

“என்னது வேண்டாம்?”

“பிள்ளைய நீயே கூட்டிட்டுப் போயிரு. என்னால ஆவாது.”

ஜெசிக்குச் சிரிப்பு அப்படியே நின்றது. “என்னம்மா சொல்லுத? காலப் பிடிக்காத கொறையா நீதானே கெஞ்சுன?”

“கெஞ்சுனேன். இப்பச் சொல்லுதேன், ஆவாது. இன்னைக்கு ஜெபமாலய ரெண்டு தடவ சொல்லீருக்கேன் பாத்துக்கோ. சொன்னதே ஞாபகமில்ல எனக்கு. திரியத் திரும்ப ஏத்தச் சொல்லி, உங்க அப்பாவையும் திரும்ப முட்டி போடவச்சு… இப்ப மொதுவாட்டி சொன்னது ஞாபகம் வருது. அவரு பாவம், எம்மனசு நோவக்கூடாதுன்னு ஒண்ணும் பேசாம சொல்லீருக்காரு.”

ஜெசி அப்பாவைப் பார்த்தாள். கஸ்பார் பீடத்தைப் பார்த்தார், கவிழ்ந்த டம்ளரைப் பார்த்தார், தெக்லாவைப் பார்த்தார். ஒரு நொடி அவர் கண்ணில் ஏதோ வந்து நின்றது. இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்து, படி இல்லாமல் போன ஆளின் திகைப்பு. தெரிந்துவிட்டது அவருக்கு என்று தெக்லா நினைத்தாள். பிறகு அது மறைந்தது. அவர் முகம் இரக்கமாக மாறியது.

“அப்ப அன்னைக்கும்…” என்றாள் ஜெசி. “அன்னைக்கும் நீதானம்மா அணைக்காம விட்ட? அணைச்சேன் அணைச்சேன்னு சொன்னியே.”

“நான்தான்” என்றாள் தெக்லா. “அணைக்கல. நான்தான் அணைக்கல.”

ஜெசி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கஸ்பார் தெக்லாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கனத்த கையை அவள் தோளில் வைத்தார்.

“அழாத ஜெசி. நீ பிள்ளையக் கூட்டிட்டு நிம்மதியாப் போ. இவள நான் பாத்துக்கிடுதேன்” என்றார். தெக்லாவின் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, “பயப்படாதட்டி. நான் இருக்கேம்லா?” என்றார்.

“ஆமா, நீங்க இருக்கீய” என்று சொல்லிவிட்டுத் தெக்லா, கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதை ஜெசியின் கையில் கொடுத்தாள்.